நாய்க்கு எதற்கு கோஷர் பிஸ்கட்?

"நாய்க்குக் கூடவா மதம் பார்ப்பார்கள்?" கோஷர் நாய் பிஸ்கட் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி விஷயம் தெரியாததால் வருவது.

கோஷர் என்பது யூதர்களின் உணவு விதி. பன்றி கூடாது. செதிலும் துடுப்பும் இல்லாத மீன் கூடாது. ஆடு மாடு என்றால் முறைப்படி அறுத்திருக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. இதெல்லாம் யூத மனிதர்களுக்கு இடப்பட்ட கட்டளை. நாய்க்கு இதில் எந்தக் கடமையும் இல்லை.

இதற்கு வேதத்திலேயே ஆதாரம் உண்டு. காட்டு மிருகம் கடித்துக் கொன்ற இறைச்சியை மனிதன் உண்ணக்கூடாது, அதை நாய்களுக்குப் போட்டுவிட வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுக் கிளம்பிய இரவில் நாய்கள் குரைக்காமல் இருந்தனவாம், அதற்கான வெகுமதிதான் இந்த இறைச்சி என்று பழைய யூத உரைகள் விளக்கம் சொல்கின்றன. ஆக, கோஷர் இல்லாததை நாய்க்குப் போடுவது தவறே அல்ல. வேதம் நாய்க்கு ஒதுக்கிய பங்கே அதுதான்!

அப்படியானால் கோஷர் நாய் பிஸ்கட் என்பது வெறும் வியாபாரத் தந்திரமா? இங்கேதான் அவசரப்படக்கூடாது. நாய்க்கு விதி இல்லை, சரி. ஆனால் அந்த நாய் வாழும் வீட்டுக்கு விதி இருக்கிறதே!

முதலாவது, அடுப்பு. கோஷர் பார்க்கும் வீட்டில் இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம். கோஷர் இல்லாத இறைச்சியை வைத்து நாய்க்கு பிஸ்கட் சுட்டால், நாய்க்கு ஒன்றும் ஆகாது. சுட்ட தட்டும் ஓவனும் தீட்டுப்பட்டுவிடும். பிறகு அவற்றைச் சுத்திகரிக்காமல் வீட்டாருக்குச் சமைக்க முடியாது. எனவே வீட்டிலேயே சுடுகிறவர் கோஷர் பொருளைத் தேடுவது நாயின் புண்ணியத்துக்காக அல்ல, தன் சமையலறைக்காக.

இரண்டாவது, இறைச்சியும் பாலும். மற்ற விலக்குகளில் பெரும்பாலானவை 'உண்ணாதே' என்பதோடு நின்றுவிடும். இது அப்படியில்லை. மாட்டிறைச்சியைப் பாலோடு சேர்த்துச் சமைப்பதும் கூடாது, உண்பதும் கூடாது, அதனால் எந்தப் பலனும் அடையக்கூடாது. தன் நாய்க்குப் போடுவதும் ஒரு பலன்தான் என்பது ரப்பிகளின் முடிவு. விளைவு விசித்திரமானது. பன்றி இறைச்சி கலந்த டப்பாவை நாய்க்குத் திறந்து கொடுக்கலாம், ஆனால் மாட்டிறைச்சியையும் சீஸையும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டைக் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, பாஸ்கா பண்டிகை. இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள். கோதுமை, வாற்கோதுமை, கம்புப்புல் என்கிற ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் செய்து புளித்த எதையும் அந்த நாட்களில் உண்ணக்கூடாது, அதனால் பலன் அடையக்கூடாது, உடைமையாக வைத்திருக்கவும் கூடாது. இதற்கு ஹமேட்ஸ் என்று பெயர். ஒரு ரொட்டி எந்த அளவுக்குக் கெட்டுப்போனால் ஹமேட்ஸ் என்ற கணக்கிலிருந்து விடுபடும்? நாய்கூடத் தின்னாத அளவுக்குக் கெட வேண்டும் என்கிறது தல்மூத். நாய் பிஸ்கட்டோ நாய் தின்பதற்காகவே செய்யப்படுவது. எனவே சாதாரண கோதுமை பிஸ்கட் பண்டிகைக்கு முன் வீட்டை விட்டுப் போயாக வேண்டும். இதனால்தான் பாஸ்கா வரும்போது அமெரிக்காவின் கோஷர் அமைப்புகள் எந்தப் பிராணி உணவை வைத்திருக்கலாம் என்று பட்டியலே வெளியிடுகின்றன. ஐரோப்பிய வழி யூதர்களில் பலர் பாஸ்காவில் அரிசியும் சோளமும் பருப்பும் உண்பதில்லை. ஆனால் நாய்க்கு அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் முளைத்த சிந்தனை என்று நினைத்தால் அதுவும் தவறு. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் நாய்களுக்கான மாவு பற்றி ஒரு விதியே இருக்கிறது. அந்த மாவில் செய்ததை இடையர்களும் தின்பார்கள் என்றால் அது மனித உணவுதான்; மாவிலிருந்து காணிக்கைப் பங்கு எடுக்க வேண்டும், பண்டிகை நாளில் சுடவும் செய்யலாம். இடையர்கள் தின்னமாட்டார்கள் என்றால் அது வெறும் நாய்த் தீனி. காணிக்கையும் இல்லை, பண்டிகை நாளில் சுடவும் கூடாது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்கு ரொட்டி சுட்டிருக்கிறார்கள், பசித்த இடையன் அதில் பங்கும் போட்டிருக்கிறான்!

இதுவரை சொன்னது சிரிப்பவர்களுக்கு. இனிச் சொல்வது 'கோஷர்' என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்களுக்கு.

கோஷர் என்றால் சுத்தம், சுத்தம் என்றால் ஆரோக்கியம் என்று ஒரு நம்பிக்கை யூதர் அல்லாதவர்களிடமும் பரவியிருக்கிறது. மனிதனுக்கே இது முழு உண்மை இல்லை. நாய்க்குச் சுத்தமாகப் பொருந்தாது. சாக்லேட் கோஷர்தான், அதிலுள்ள தியோப்ரோமின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். வெங்காயமும் பூண்டும் கோஷர்தான். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் கோஷர்தான். நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சில 'சர்க்கரை இல்லாத' பண்டங்களிலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும். எந்த ரப்பியின் முத்திரையும் இதைத் தடுக்காது. தடுப்பது அதன் வேலையும் இல்லை.

உண்மையில் யூதப் பண்டிகைக் காலம்தான் வீட்டு நாய்க்குக் கவனமான காலம். ஹனுக்காவில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சாக்லேட் காசுகள் தரையில் சிதறும். பாஸ்கா விருந்தின் ஹரோசெத் என்னும் பழக்கலவையில் மதுவும் பல வீடுகளில் உலர்திராட்சையும் உண்டு. வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் ரொட்டிக்குப் பிசைந்து உப்ப வைத்த ஈஸ்ட் மாவை நாய் திருடித் தின்றால், அது வயிற்றுக்குள் மேலும் உப்பும், சாராயமாகவும் புளிக்கும். விருந்து மேசையிலிருந்து ஆசையாகத் தூக்கிப் போடும் துண்டை விட நாய்க்கென்றே சுட்ட எளிய பிஸ்கட் எவ்வளவோ மேல்.

எனவே வீட்டில் சுடுவதுதான் நல்ல வழி. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவு டப்பாக்கள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலக்கப்பட்டிருந்தது. சிறுநீரகம் கெட்டுப் பல பிராணிகள் இறந்தன. தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, தானே மாவு பிசைவது.

செய்முறை ஒன்றும் பிரமாதம் இல்லை. இரண்டரை கப் முழுக்கோதுமை மாவு, இரண்டு முட்டை, அரை கப் வேகவைத்து மசித்த பூசணி. உப்பு, சர்க்கரை வேண்டாம். தேவைக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தேய்த்து, வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் முப்பத்தைந்து நிமிடம் மொறுமொறுவென்று சுட்டால் போதும். இதில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. யூதர்கள் இதை பார்வே என்பார்கள், அதாவது பொதுவானது. முட்டையை உடைத்ததும் ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது கோஷர் வீட்டு வழக்கம். பாஸ்காவுக்கு மாவைக் கைவிட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கை மெல்லியதாக நறுக்கி ஓவனில் உலர்த்தினால் முடிந்தது. பண்டிகைக்காகச் சாப்பாட்டையே மாற்றுவதானால் ஒரு வாரம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் வயிறு கெடும். தின்பண்டம் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

'மனிதனுக்கே சோறில்லாத உலகத்தில் நாய்க்கு இவ்வளவு சடங்கா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆடம்பரக் கடையில் ரிப்பன் கட்டி விற்கும் டப்பாவைப் பார்த்துக் கேட்டால் அது நியாயமான கேள்வி. இரண்டு முட்டையும் கொஞ்சம் மாவும் ஆடம்பரம் ஆகாது. தன் வளர்ப்புப் பிராணிக்குத் தீனி போடாமல் தான் உண்ணக்கூடாது என்று தல்மூத்தில் ஒரு விதி இருக்கிறது. கோஷர் சட்டங்கள் நாயைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் நாயை வைத்திருப்பவரை இந்த விதி நன்றாகவே கட்டுப்படுத்துகிறது.

ஆக, நாய் பிஸ்கட் சுடும் யூத வீட்டில் இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று ரப்பி தருவது, இன்னொன்று கால்நடை மருத்துவர் தருவது. முதல் பட்டியலை மட்டும் பார்த்தால் சமையலறை தப்பும், நாய் தப்பாது. இரண்டாவதை மட்டும் பார்த்தால் நாய் தப்பும், பாத்திரம் தப்பாது. இரண்டையும் பார்த்துச் சுடுகிறவர்களைக் கண்டு சிரிக்க எதுவும் இல்லை. கடையில் 'கோஷர்' என்ற ஒரு சொல்லுக்காக இரட்டிப்பு விலை கொடுத்துவிட்டு, பின்பக்கம் எழுதியிருக்கும் பொருள்களைப் படிக்காமல் போகிறவர்களைப் பார்த்துத்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.