70 வயதைக் கடந்தோருக்குக் காப்பீடு வந்தது. வீட்டில் நடக்கும் சிகிச்சைக்கு யார் துணை?

புதுடெல்லி: ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 2024 அக்டோபர் 29 அன்று விரிவுபடுத்தப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் செலவை அரசே ஏற்கும். சுமார் 4.5 கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த 6 கோடி முதியோர் இதனால் பயன்பெறுவர் என்று மத்திய அரசு அறிவித்தது. பெற்றோரின் அறுவை சிகிச்சைக்காக நகையை அடகு வைப்பதும் நிலத்தை விற்பதும் வழக்கமாகிவிட்ட நாட்டில் இது சிறிய அறிவிப்பு அன்று.

எனினும், அந்த அட்டை பயன்படத் தொடங்குவது முதியவர் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும் நாளில்தான். சேர்வதற்கு முந்தைய 3 நாட்களும், வீடு திரும்பிய பிந்தைய 15 நாட்களும் திட்டத்துக்குள் அடங்கும். 16-ஆம் நாள் முதல் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வழிச்செலவு எல்லாம் அவரவர் பொறுப்பு. புறநோயாளிச் சிகிச்சைக்கு இத்திட்டத்தில் இடமில்லை.

இந்திய முதியோரை வாட்டும் நோய்களின் இயல்போ இதற்கு நேர்மாறானது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை சில நாட்கள் படுக்கையில் இருந்து குணமாகி எழும் நோய்கள் அல்ல. அவற்றுக்கான சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது, நடத்துபவர் நோயாளியே. மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் பேசும் வாய்ப்புப் பெற்ற முதியவர் ஆண்டில் மொத்தம் 2 மணி நேரம் மருத்துவரின் பார்வையில் இருக்கிறார். அரசு மருத்துவமனையின் வரிசையில் நின்றவர்களுக்கு 10 நிமிடம் என்பதே மிகையான மதிப்பீடு என்பது தெரியும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். எஞ்சிய 8,758 மணி நேரத்தில் எதை உண்பது, எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது, எந்த அறிகுறியைக் கண்டு அஞ்சுவது என்ற முடிவுகளை அவரே எடுக்கிறார்.

7.5 கோடிப் பேரின் அன்றாடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் சுமார் 10.4 கோடி. இந்த எண்ணிக்கை 2036-இல் ஏறத்தாழ 22.7 கோடியாக உயரும் என்று மத்திய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழு மதிப்பிட்டது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் நடத்தி, 2021 ஜனவரியில் வெளியிட்ட முதுமை குறித்த தேசிய ஆய்வில், 60 வயதைக் கடந்தோரில் 7.5 கோடிப் பேர் ஏதேனும் ஒரு நாள்பட்ட நோயுடன் வாழ்வது தெரியவந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவர் தமக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிவித்திருந்தார். நோய் இருப்பதையே அறியாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

நோயைத் தடுப்பது, உடல்நலத்தைப் பேணுவது, நோயுடன் வாழ்வதைச் சமாளிப்பது ஆகியவற்றில் தனிநபர், குடும்பம், சமூகம் ஆகியோருக்கு உள்ள திறனையே உலக சுகாதார நிறுவனம் ‘சுய பராமரிப்பு’ என்று வரையறுக்கிறது. சுகாதாரப் பணியாளரின் துணையுடனோ துணையின்றியோ அது நிகழலாம். இந்த வரையறையில் குடும்பமும் சமூகமும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டின் சுகாதாரப் பிரசாரங்களில் இச்சொல் பெரும்பாலும் ‘உப்பைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்ற அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. அறிவுரை சொல்லியாயிற்று, இனி நோய் கட்டுப்படாவிட்டால் குற்றம் நோயாளியுடையது என்ற மறைமுகத் தீர்ப்பும் அதில் இருக்கிறது. நடைமுறையோ வேறு. தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும்படி ஒருவரிடம் சொல்வதற்கு முன், அதற்குரிய கருவிகள் அவர் கையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

படிக்க முடியாத சீட்டு

முதல் தடை எழுத்து. 2011 கணக்கெடுப்பின்படி முதியோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 44 சதவீதம் மட்டுமே. ஆண்களில் 59 சதவீதம். பெண்களில் 28 சதவீதம். தாய்மொழியைப் படிப்பவர்களின் கணக்கே இது. மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும் வருவது ஆங்கிலத்தில். தெளிவாகப் படிக்கக்கூடிய மருந்துச் சீட்டைப் பெறுவது அரசியல் சாசனம் உறுதி செய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியது வரவேற்கத்தக்கது. ஆனால் பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் ஆங்கிலம் ஆங்கிலமே. அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு இடம்பெற வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது. அதை ஸ்கேன் செய்யத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் அந்த உதவி தேவைப்படுவதில்லை; தேவைப்படுபவருக்கு ஸ்கேன் செய்யத் தெரிவதில்லை.

எழுத்து தெரியாதவர்கள் மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இது நல்ல உத்திதான், கடைக்காரர் நிறுவனத்தை மாற்றாதவரை. ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனப் பெயர்களில், வெவ்வேறு நிறங்களில் கிடைக்கும் சந்தையில், அரசு மருத்துவமனை தந்த வெள்ளை மாத்திரையும் தனியார் மருத்துவர் எழுதிய இளஞ்சிவப்பு மாத்திரையும் ஒன்றே என்பதை அறியாமல் இரண்டையும் விழுங்குவது எளிதில் நேரக்கூடிய விபத்து. இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என மூன்று மருத்துவர்களைப் பார்க்கும் முதியவரின் எல்லா மருந்துகளையும் ஒன்றாக மேசையில் பரப்பிப் பார்க்கும் பொறுப்பு எந்த மருத்துவருக்கும் முறையாக ஒப்படைக்கப்படவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஆபத்து வலி மாத்திரை. முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணும் ஒருவர் அதன் பலனை வலி மாத்திரையால் தாமே குறைத்துக்கொள்கிறார் என்பதை அவருக்குச் சொல்பவர் எவரும் இல்லை. தொடைத் தசையை வலுப்படுத்தும் எளிய பயிற்சிகள் மூட்டு வலியைக் குறைக்கும். ஆனால் பயிற்சியைக் கற்றுத்தர இயன்முறை மருத்துவர் வேண்டும். மாத்திரைக்குத் தெருமுனைக் கடை போதும்.

விரதமும் சர்க்கரையும்

நீரிழிவு என்றால் சர்க்கரை கூடுவதே ஆபத்து என்று பொதுவாக எண்ணப்படுகிறது. முதியோரைப் பொறுத்தவரை சர்க்கரை திடீரெனக் குறைவது அதைவிட உடனடியான ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் மயக்கம், விழுதல், இடுப்பெலும்பு முறிவு வரை கொண்டுசெல்லக்கூடும். அதனால்தான் உடல் தளர்ந்த முதியோருக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 7-க்குக் கீழே இழுத்துப் பிடிக்காமல், 8 வரை தளர்த்தலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இங்கு நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஏகாதசி, சஷ்டி, கர்வா சௌத், ரமலான் என விரதம் இருப்பவர்களில் கணிசமானோர் முதியோர். அவர்களில் பெண்களே மிகுதி. மருத்துவரிடம் சொன்னால் விரதம் கூடாது என்பார் என்ற அச்சத்தில் பலர் சொல்வதே இல்லை. மருத்துவரும் கேட்பதில்லை. விரத நாளில் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வழியுண்டு. யார் கட்டாயம் விரதத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கும் வரையறை உண்டு. ‘விரதம் இருப்பீர்களா?’ என்ற ஒற்றைக் கேள்வி பல மயக்கங்களைத் தவிர்க்கும். நோயாளியின் நம்பிக்கையைக் கடிந்துகொள்ளும் மருத்துவர் அவரது உண்மையான அன்றாடத்தை ஒருபோதும் அறியப்போவதில்லை.

உணவு விஷயத்திலும் இதே நிலைதான். வீட்டில் சமைப்பவர் மருமகளாகவோ மகளாகவோ இருக்க, உப்பைக் குறைக்கும் அறிவுரை முதியவருக்கு மட்டும் தரப்படுகிறது. உணவுத் தட்டில் அவர் கட்டுப்படுத்தக்கூடியது ஊறுகாயும் அப்பளமும் மட்டுமே. குழம்பில் விழும் உப்பு அவர் கையில் இல்லை. சமைப்பவரை அழைத்துப் பேசாத உணவு ஆலோசனை பாதி ஆலோசனை. சமைப்பவரே நோயாளியாக இருக்கும் வீடுகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது: கணவரின் பரிசோதனை நாள் நினைவிருக்கும் மூதாட்டிக்குத் தம்முடைய மாத்திரை தீர்ந்துபோய் ஒரு வாரம் ஆனது நினைவிருக்காது.

பலன் தந்தவை

எல்லாம் இருள் என்று சொல்வதற்கில்லை. 2017 நவம்பரில் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லா நிலையங்களிலும் ஒரே எளிய சிகிச்சை முறை, தட்டுப்பாடில்லாத மருந்து, ஒரு முறை வந்தால் 30 நாட்களுக்கான மாத்திரை, வராதவரைத் தேடிச் செல்லும் பதிவேடு என நான்கைந்து ஒழுங்குகளை மட்டும் கொண்டுவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததாக, ஐ.நா. விருது கிடைத்த 2022-இல் அரசு தெரிவித்தது. பாதி என்பது முழு வெற்றி அன்று. ஆனால் மாத்திரை தொடர்ந்து கிடைத்தால் சாதாரண மக்களே நோயைக் கட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள் என்பதை அது காட்டியது. அவர்களது ‘அலட்சியம்’ என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டதில் ஒரு பங்கு மருந்தகத்தின் தட்டுப்பாடே.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே தருகின்றனர். இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. 2024-இல் இதற்கும் ஐ.நா. விருது கிடைத்தது. அந்தப் பெண்கள் கொண்டுவருவது மாத்திரை மட்டுமன்று. முதியவர் எழுந்து நடந்து வந்து கதவைத் திறக்கிறாரா, கால் வீங்கியிருக்கிறதா என்பதை மாதந்தோறும் ஒருவர் நேரில் காண்கிறார். கேரளத்தில் 2008 முதல் வலி நிவாரணப் பராமரிப்பு மாநிலக் கொள்கையாகி, ஊராட்சிகளின் கடமைகளில் ஒன்றானதும் இதே வழியில் வந்த ஏற்பாடுதான்.

தேசிய அளவில் 2010-11-இல் தொடங்கிய முதியோர் சுகாதாரத் திட்டத்திலும் நடமாட இயலாதவர்களை வீட்டில் சென்று பார்ப்பது இடம்பெற்றுள்ளது. மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை கொண்ட முதியோர் வார்டும் அதே திட்டத்தில்தான் உண்டு. வார்டைத் திறந்துவைத்துப் படம் எடுக்கலாம். வீட்டுப் பார்வைக்குத் திறப்பு விழா கிடையாது.

பணம் எங்கே போகிறது?

நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து தருவது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. நல்ல முன்னேற்றம். இருப்பினும், மாதாமாதம் மாத்திரை வாங்கும் முதியவருக்கு எஞ்சிய பங்கே பெரும் சுமை. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருவதால்தான் அது ஓரளவேனும் ஓய்வூதியமாக இருக்கிறது. மக்கள் மருந்தகங்கள் 15,000-ஐக் கடந்திருப்பதும் உதவியே. ஆனால் அருகில் அத்தகைய கடை இல்லாத கிராமத்து முதியவர், மலிவு விலை மாத்திரைக்காகச் செலவிடும் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

பேரளவிலான செலவு எதுவும் இங்கு தேவைப்படவில்லை. 30 நாட்களுக்குப் பதில் நோய் கட்டுக்குள் உள்ளவர்களுக்கு 60 அல்லது 90 நாட்களுக்கான மருந்தை ஒரே முறையில் தரலாம். காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலவும் அச்சிட்ட காகித உறைகளை மருந்தகத்திலேயே தரலாம். ஆண்டுக்கு ஒருமுறை, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, தேவையற்றதை நீக்கும் நாளை ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் நடத்தலாம். ரத்த அழுத்தக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒன்று, அங்கன்வாடியிலோ சுய உதவிக் குழுவிடமோ இருந்தால் போதும். வீட்டில் அளக்கும்போது 135/85-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியை அதன்மேல் தாய்மொழியில் ஒட்டிவைக்கலாம். இவற்றைச் செய்யப்போவது ஆஷா பணியாளர்கள் என்றால், வேலைக்கேற்ற ஊக்கத்தொகையில் வாழும் அவர்கள் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றுவதற்கு முன் அதற்கான ஊதியத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

எதை எண்ணுவது என்பதிலும் மாற்றம் தேவை. உயர் ரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ள 7.5 கோடிப் பேரை 2025-க்குள் முறையான சிகிச்சையின்கீழ் கொண்டுவரும் இலக்கை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 மே மாதம் அறிவித்தது. அது சிகிச்சையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. காப்பீட்டு அட்டை வழங்கியதும் அவ்வாறே எண்ணப்படுகிறது. சேர்ந்தவர்களில் 60 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேரிடம் மாத்திரை கையிருப்பில் இருக்கிறது, எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் உள்ளது என்ற விவரத்தை மாவட்ட வாரியாக, மாதந்தோறும் வெளியிட முடியும். ஆரோக்கிய மந்திர்களில் தொற்றா நோய்களுக்கெனப் பராமரிக்கப்படும் கணினிப் பதிவேட்டில் நோயாளியின் வயதும், அவர் மருந்து வாங்க வந்த நாளும் ஏற்கனவே பதிவாகின்றன.