ஒரு கதிரைக்கு எத்தனை பேர்?

நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், ஒரு நல்ல கதிரையில் உட்கார்ந்து பார்த்து, விலையைக் கேட்டதும் எழும்பி வந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. கணக்கு எழுதுறவங்க, டிசைன் செய்றவங்க, ஒன்லைனில் பாடம் எடுக்கிறவங்கன்னு லயத்துக்குள்ளேயே வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போ இருக்கோம். மடியில் லெப்டொப், கீழே பிளாஸ்டிக் கதிரை. ராத்திரியானா இடுப்பு பிடிச்சுக்கும்.

வீட்டில் சொன்னா பதில் தயாரா இருக்கும்: "நாள் பூரா உக்காந்துதானே இருக்க, ஒனக்கென்ன இடுப்பு வலி?"

கொழுந்து சுமந்த முதுகு கேட்கிற கேள்வி அது. நம்ம வாய் அடைச்சுப் போகும். விலையையும் நாங்கள் பேர்க் கணக்கில்தான் பார்ப்போம். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், 27,000 ரூபா கதிரை என்றால் 20 பேர். அம்மா இருபது நாள் மலைக்குப் போகணும்.

ஆனாலும் சொல்றோம், கதிரை சொகுசு இல்லை, வேலைக் கருவி. கவ்வாத்துக்குப் போறவர் தீட்டாத கத்தியோடு போவாரா?

அதனால் காசைச் சரியான இடத்தில் போடணும். சிவப்பும் கறுப்புமா பளபளக்கிற 'கேமிங்' கதிரை நமக்கு வேண்டாம். நம்ம ஊர் ஈரத்துக்கு ரெக்சின் உரிஞ்சு வரும். வலைத்துணி முதுகு என்றால் சீக்கிரம் காயும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில், மேடு பள்ளமான சீமெந்துத் தரையில், உருளும் சக்கரம் தொல்லைதான். உறுதியான நாலு கால் போதும்.

கடையில் பார்க்க வேண்டியது மூணுதான். பாதம் ரெண்டும் தரையில் முழுசா படியுதா? இடுப்புக்கு மேல் உள்ள வளைவை முதுகுச் சாய்வு தாங்குதா? முழங்காலுக்குப் பின்னால் ரெண்டு மூணு விரல் இடைவெளி இருக்கா? பழைய ஒபிஸ் கதிரை கிடைச்சா இன்னும் நல்லது. ஆனா உயர்த்தி வச்சு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. தானா கீழே இறங்கினா அதை விட்டுடுங்க.

அதுக்கும் காசு இல்லையா? இருக்கிற பிளாஸ்டிக் கதிரையில் இடுப்புக்குப் பின்னால் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்க, கால் எட்டலைன்னா கீழே ஒரு பலகை போடுங்க. லெப்டொப்பைப் புத்தக அடுக்கின் மேல் ஏத்தி, கீபோர்ட் மட்டும் தனியா வாங்குங்க. அரை மணிக்கு ஒருக்கா எழும்பி நடங்க. எவ்வளவு விலை கொடுத்த கதிரையும் இந்த நடைக்கு ஈடாகாது.

ஆனா கதை இங்கே முடியலை. உட்காருவதையே சட்டம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. கோழிக்கோட்டில் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் நீண்ட காலம் போராடினாங்க. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கச் சொன்னது. 2021இல் தமிழ்நாடும் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. வேலை நேரத்தில் உட்கார்ந்தா சோம்பேறி என்ற நினைப்புக்கு எதிரா வந்த சட்டங்கள் அவை.

அந்த நினைப்பு நம்ம வீட்டிலும் இருக்கு. அம்மாவின் கேள்வியிலேயே இருக்கு. உட்கார்ந்து பழக விடாத வேலை அவங்களுடையது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் மூட்டையோடு நின்றுதான் முறைக்குக் காத்திருக்காங்க. பகல் சாப்பாடு தேயிலைக்கு நடுவில், கிடைச்ச கல்லின் மேல்.

ஆகவே கதிரை வாங்குங்க, வெட்கப்படாம வாங்குங்க. அதில் சாய்ந்த முதல் நாளே இன்னொரு கணக்கையும் போடுங்க: நிறுவை இடத்தில் நனையாத ஒரு கூரை, நாலு நீளப் பெஞ்ச். அதுக்கு எத்தனை பேர் ஆகும்? இந்த முறை செலவு தோட்டத்துடையது. கேட்க வேண்டியது நாம.