சாயங்காலம் வண்டி கிடைக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாருதி 800 காரின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். பானெட் திறந்து, இன்ஜினின் மேல்பாகம் கழற்றிக் கிடக்கும் படம். பாதிப் பேர் "எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்" என்று எழுதியிருந்தீர்கள். பெங்களூரிலிருந்து என் தங்கை மகன், "மாமா, 1997 மாடலுக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டிருந்தான். அக்கறைக்கு நன்றி. ஆனால் அந்தச் செலவில் பாதி என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒழுகல் எதுவும் இல்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. ஓமலூரில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்காரர் பார்த்ததுமே, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க" என்றார்.

தெரியாதவர்களுக்காக: இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக், அதன் மேல் மூடிபோல் உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கெட். எரியும் வாயு, ஆயில், தண்ணீர் மூன்றும் அந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் போகின்றன. ஒன்றோடு ஒன்று சேராமல் காப்பது அந்தத் தகடு. அது விட்டுக்கொடுத்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும்.

மறுநாள் காலை தர்மபுரியில் மைத்துனர் வீட்டில் காதுகுத்து. நான் கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலம் வண்டி கிடைக்குமா?"

"ரெண்டு நாள் ஆகுமுங்க சார். ஹெட்டை லேத்துக்கு அனுப்பிப் பாக்கணும்."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். கேஸ்கெட்டை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

அவர் தயங்கினார். நான் விடவில்லை. இரவு எட்டு மணிக்கு வண்டி வீட்டு வாசலில் நின்றது. மறுநாள் தர்மபுரி போய்த் திரும்பினோம். "கண்டிஷனாக் கேட்டு வாங்கணும், அப்பதான் வேலை நடக்கும்" என்று வீட்டில் பெருமையாகவும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் மறுபடி அதே சாலை. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பாதி வழியில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. பானெட் இடுக்கில் ஆவி. ஓரம் கட்டி நிறுத்தினேன். உள்ளே மனைவி, மடியில் நாலு வயதுப் பேத்தி. அந்தச் சாலையில் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு லாரியும் தாண்டும்போது கார் ஆடியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த முறை வண்டி, என்னிடம் படித்த ஒருவரின் பட்டறைக்குப் போனது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளில் தொழில் பழகி, இப்போது சொந்தமாக நடத்துகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "சார், நாலு நாள். முன்னாடி கேட்டீங்கன்னா வேற இடம் பாத்துக்குங்க."

என் வாழ்க்கையில் ஒரு மாணவன் எனக்குப் போட்ட முதல் நிபந்தனை அது. ஒப்புக்கொண்டேன். வேலையில்லாத மனிதன், நாலு நாளும் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் கழற்றுவதோடு சரி. வால்வுகளைத் திறந்து மூடும் ராக்கர்கள் ஆறு. அவற்றைக் கழற்றக் கழற்ற ஒரு முட்டை அட்டையில் வைத்தார். நாமக்கல்லிலிருந்து கடைகளுக்கு வருமே, அதே அட்டை. ஒவ்வொரு குழியிலும் பேனாவால் எண். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றேன். "பாக்க ஒரே மாதிரிங்க சார். ஆனா ஒவ்வொண்ணும் அதனதன் கேமோட சேர்ந்து தேஞ்சிருக்கும். இடம் மாத்திப் போட்டா ரெண்டும் கெடும்."

இரண்டாம் நாள் ஹெட் சேலத்துக்கு, லேத்துக்குப் போனது. நேர்ச்சட்டத்தை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார்கள். ஹெட் வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு, ஆனால் தகடு உள்ளே போனது. முதல் முறையே பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வளைந்த ஹெட்டின் மேல் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, அடிப்பாகத்தைச் சமமாகத் தேய்த்து அனுப்பினார்கள்.

ஏன் வளைகிறது? முப்பது வருஷம் நான் கரும்பலகையில் எழுதிய பாடம்தான். இந்த வண்டியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். முப்பது சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அலுமினியம் அரை மில்லிமீட்டர் நீள்கிறது, இரும்பு கால் மில்லிமீட்டர். இரண்டையும் போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் குறைந்து சூடு எல்லை மீறினால், நீள இடமில்லாத அலுமினியம் வளைகிறது.

"இதை உனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன். சிரித்தார். "இல்லீங்க சார். ஒரு கஸ்டமர் ஹெட்டு வெடிச்சு, ஓனர் என் சம்பளத்துல பிடிச்சாரு. அப்பத் தெரிஞ்சது."

மூன்றாம் நாள் காலை முழுக்கச் சுத்தம் செய்வதிலேயே போனது. பிளாக்கின் மேல் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் பிசிரைச் சுரண்டி எடுத்தார். போல்ட் துளைகளுக்குள் காற்றடித்துத் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் வெளியேற்றினார். அடியில் திரவம் நின்றால் போல்ட் இறுகியதுபோல் காட்டும், உண்மையில் இறுகியிருக்காது. கேம்ஷாஃப்டுக்கு ஆயில் பூசி, ஹெட்டின் துளைகளில் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் நுழைத்தார். முட்டை அட்டையிலிருந்து ராக்கர்கள் வரிசையாக அவரவர் வீட்டுக்குப் போயின.

பிறகு ஹெட்டை உட்கார வைத்து போல்ட் முறுக்குதல். நடுவில் தொடங்கி, மாறி மாறி இரண்டு பக்கமும், வெளிப்புறம் நோக்கி. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. முதல் சுற்று லேசாக, இரண்டாவது சுற்று இன்னும் கொஞ்சம், கடைசிச் சுற்று டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு. நோட்டு அட்டையில் லேபிள் ஒட்டும்போது நடுவில் அழுத்தி ஓரத்துக்குத் தடவுவோமே, அதே கணக்கு. ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் மேடு நின்றுவிடும். நம் அவசரத்துக்காக முதலில் பலியாவது இந்தச் சுற்றுகள்தான். கை அளவுக்கு "கிண்" என்று முறுக்கிவிட்டால் அரை மணி நேரம் மிச்சம். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

அடுத்தது டைமிங் பெல்ட். பழைய பெட்ரோல் அம்பாசடரில் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கும், தள்ளுகம்பிகள் மேலே போய் வால்வைத் திறக்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது, அதைச் சுற்றுவது ஒரு பல் பெல்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இரண்டு புல்லியின் குறிகளையும் நேர்படுத்தி பெல்ட்டை மாட்டிய பிறகு, சாவியைத் தொடாமல், ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். குறிகள் திரும்ப நேருக்கு நேர் வந்தன. "இப்பத்தான் சார் நம்பிக்கை" என்றார். ஒரு பல் தள்ளியிருந்தாலும் வண்டிக்கு இழுவை போய்விடும். சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்தே விடும்.

நாலாம் நாள் டேப்பட் செட்டிங். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. குளிர்ந்த பிறகுதான் அளக்க முடியும் என்பதால் காலையில் முதல் வேலையாக அதை வைத்துக்கொண்டார். பிறகு கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை ஓடவிட்டு, சாவியைக் கையில் கொடுத்தார்.

பில் வந்தது. உதிரி பாகம், லேத் கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். கைக்கூலி நாலாயிரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்காரன் போட்ட ஒன்பதாயிரத்தை ஒரு வார்த்தை கேட்காமல் ஒத்துக்கொண்டு, அந்த நாலாயிரத்தில் கை வைத்தேன். "மூணு போட்டுக்கலாமே?" நாலு நாளும் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணால் பார்த்த பிறகு! அவர் எதுவும் சொல்லவில்லை. முட்டை அட்டையை மடித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கே வெட்கமாகப் போய், முழுத்தொகையைக் கொடுத்தேன்.

என் கருத்து இதுதான். நம் ஊரில் பட்டறை வேலை கெடுவதற்கு மெக்கானிக்கின் கை மட்டும் காரணம் இல்லை. கேட்கும் நம் வாயும் காரணம். பொருளுக்குக் கேட்ட காசு கொடுக்கிறோம், நேரத்துக்குப் பேரம் பேசுகிறோம். நேரத்தைக் குறைத்தால் அவர் எதைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரியாததைத்தான். லேத்துக்கு அனுப்புவதை, மூன்று சுற்று முறுக்குவதை, கையால் சுற்றிப் பார்ப்பதை. முதல் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சரியாகத்தான் சொன்னார். அவரைத் தப்பாகச் செய்யவைத்தவன் நான்.

டாக்ஸி ஓட்டும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். "ஒரு நாள் வண்டி நின்னா அன்னிக்குச் சாப்பாடு போச்சு சார்" என்பீர்கள். உண்மை. உங்கள் அவசரமும் என் காதுகுத்து அவசரமும் ஒன்றல்ல. ஆனால் மூன்று வாரத்தில் வண்டி மறுபடி நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான் அதிகம்.

எனவே, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது "எப்ப கிடைக்கும்?" என்பதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். ஹெட்டின் வளைவைப் பார்த்தாச்சா? டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவீர்களா? ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கையால் சுற்றிப் பார்ப்பீர்களா? கேட்டுவிட்டு, அதற்கான நாளையும் கூலியையும் கொடுங்கள். தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று: என்னைப்போல் யாராவது வந்து மிரட்டினால், வாத்தியாராகவே இருந்தாலும், "வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது ஓடிய நினைப்பு. பரீட்சைக்குள் போர்ஷன் முடிக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஓடியிருப்பேன். புரியவில்லை என்று முழித்த பிள்ளைகளுக்கு இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று வராமல் ஒரே முறுக்காக முறுக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். வெப்ப விரிவு அந்த மாணவருக்கு ஏன் ஞாபகமில்லை என்று இப்போது புரிகிறது. அப்படி விடுபட்டவர்கள் இதைப் படித்தால், வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

நேற்று தொப்பூர் ஏறினோம். முள் நடுவிலேயே நின்றது. மனைவி முழு வழியும் பேசிக்கொண்டே வந்தாள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஓமலூர்.