பழைய கருவிகளும் புதிய மாணாக்கரும்

கணினியின் பழைய பணிசெயல் முறைமைகளுக்கென எழுந்த செய்நிரல் மொழிகளும் அவற்றின் கருவிகளும் இன்று கழித்துவிடத்தக்க குப்பை என்பார் பலர். பைதன் பயிலும் மாணாக்கனுக்கு எம்.எஸ்.டொஸ் காலத்துக் கருவியால் ஆவதென்ன என்பது அவர் வினா. ஆவது உண்டு என்பதே எம் கருத்து.

ஓர் உதாரணங் காட்டுவாம். சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்கிளாஸ் வேர்த், கற்பித்தலை முதன்மை நோக்காகக் கொண்டு 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி பாஸ்கல். நம் நாட்டுப் பாடநூல்களிலும் இடம்பெற்ற மொழி அது. அதற்கென 1983 இல் போலண்ட் நிறுவனம் வெளியிட்ட கருவி டேர்போ பாஸ்கல். அதன் மூன்றாம் பதிப்பில் செய்நிரலை எழுதும் பகுதியும் அதனை மொழிமாற்றுந் தொகுப்பானும் ஒருங்கே 40,000 பைட்டுக்குள் அடங்கின. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரிது.

பிழை நேர்ந்தால் அக்கருவி முதற் பிழையிலேயே நின்று, பிழையுள்ள இடத்தைச் சுட்டும். அதனைத் திருத்தினாலன்றி மேற்செல்லாது. இலக்கணங் கற்பிக்கும் ஆசிரியர் கையாளும் முறையும் இதுவே. எழுதியது யாது, பிழைத்தது எங்கே என்று மாணாக்கன் தானே ஆராய்ந்தறிகின்றான். இன்றைய கருவிகளோ அவன் நினைக்குமுன்னே வரியை நிரப்பித் தருகின்றன. வேலை விரைவில் முடிகின்றது. விளக்கம் பிறந்ததோ என்பது ஐயம்.

பழையனவெல்லாம் நல்லனவென்று யாம் கூறவில்லை. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு, ஆக 256 குறியீடுகள் என்ற அக்கால எல்லைக்குள் தமிழ் இடர்ப்பட்டது. அவ்விடரைத் தீர்த்தது பின்வந்த யூனிக்கோட்டே. ஆகவே, தொழிலுக்குப் புதியன வேண்டும். அடிப்படைக்குப் பழையன உதவும்.

பேணுதலும் வேண்டும். தொகுப்பான் அழிந்தால், அதற்கென எழுதிய செய்நிரல் படிப்பாரற்ற ஏடாகும். செல்லரித்த சுவடிகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த நாட்டில் இதனை விரித்துரைத்தல் வேண்டா. 1994 இல் தொடங்கிய பிறீடொஸ் இன்றும் இலவசமாய்க் கிடைக்கின்றது. எம்.எஸ்.டொஸின் தொடக்கப் பதிப்புகளின் மூலநிரலை 2018 இலும், ஜி.டபிள்யூ. பேசிக்கின் மூலநிரலை 2020 இலும் மைக்ரோசொப்ற் நிறுவனமே எவரும் ஆளுமாறு திறந்து வைத்தது.

நம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் ஒரு பழைய இயந்திரத்துக்கு இடமளிப்போமாக. பழைய மாணவர் தம் வீடுகளில் உறங்கும் வட்டுகளையும் கைந்நூல்களையும் கொணர்ந்து உதவுக. ஆண்டுக்குச் சில பாடவேளை போதும். ஒரு கருவியை முற்றும் அறிந்த மாணாக்கன் எக்கருவிக்கும் அஞ்சான்.