கல்லாவில் உட்காராத பையன்

நம் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. "படிப்பு ஏறவில்லையா? கடையில் உட்கார வை. நாலு காசு புழங்கினால் பொறுப்பு தானாக வந்துவிடும்." நம்மில் பலர் அப்படி வந்து உட்கார்ந்தவர்கள்தாம். உட்கார்ந்து தொழில் கற்று, இன்று நாலு பேர் மதிக்கும்படி இருக்கிறோம். ஆகையால் அந்தப் பேச்சைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் உட்கார வைத்த பிறகும் உட்காராத பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி உறுப்பினர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன், மளிகை மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவரின் கடைக்குச் சந்தா விஷயமாகப் போயிருந்தோம். பெரியவர் மனம் நொந்து பேசினார்.

"அண்ணாச்சி, இவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? லாரி வந்து நின்னா இவனை மிஞ்ச ஆள் கிடையாது. பத்துக் கடைக்குப் போய் ஆர்டர் எடுத்துட்டு வாடான்னா பதினஞ்சு கடைக்குப் போயிட்டு வருவான். கல்லாவுல ஒரு மணி நேரம் உட்காருன்னா மட்டும் உட்கார மாட்டான். பாக்கிச் சீட்டைத் தொலைச்சிடுறான். சில்லறையை மாத்திக் கொடுக்கிறான். ஆடிட்டர் கேட்ட பில்லு மூணு மாசமா மேஜைக்குள்ளேயே கிடந்திருக்கு. ஜி.எஸ்.டி. அபராதம் கட்டினது நான். அடிச்சும் பார்த்தாச்சு, கும்பிட்டும் பார்த்தாச்சு."

பையனுக்கு இருபது வயது. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடம் தவறிக் கடைக்கு வந்தவன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன் ஒன்றே ஒன்று சொன்னான். "வேணும்னு செய்யறேன்னு நினைக்கிறாங்க, பெரியப்பா."

அன்று அவனுக்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு மருத்துவரிடம் விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம்.

கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று ஒன்று உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.டி.எச்.டி. என்பார்கள். உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 100-க்கு 5 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வளர்ந்த பிறகு சிலருக்குக் குறைந்துவிடுகிறது. பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. சிலர் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ஓடுவார்கள். முன்பின் யோசிக்காமல் பேசுவார்கள், செய்வார்கள். சிலர் சத்தமே இல்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னதை மறப்பார்கள், தொடங்கியதை முடிக்க மாட்டார்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பெண் பிள்ளைகளிடம் இந்தச் சத்தமில்லாத வகை அதிகம். அதனால் "கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிக் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? எல்லாம் புதுப்பேர்" என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லக்கூடும். பேர்தான் புதிது. அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1798-ஆம் ஆண்டிலேயே, கவனத்தை ஒன்றில் நிறுத்த முடியாமல் பிறவியிலேயே அவதிப்படுவோரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாமல் இருந்தும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி உரை நிகழ்த்தினார். நம் காலத்திலும் இவர்கள் இருந்தார்கள். நாம் அவர்களை ஊர்சுற்றி, உதவாக்கரை என்று அழைத்தோம், அவ்வளவுதான்.

மூளையில் என்ன நடக்கிறது? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையை ஒரு கடையின் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளலாம். எதை முதலில் செய்வது, எதை நிறுத்துவது, எதை நினைவில் வைப்பது என்று முடிவு செய்யும் இடம் அது. அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இக்குறைபாடு உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மூளையின் மேலுறை சுமார் ஏழரை வயதில் எட்டும் வளர்ச்சி, இவர்களுக்குச் சுமார் பத்தரை வயதில்தான் வந்தது. வளரும் முறை ஒன்றுதான், மூன்றாண்டு தாமதம். தாமதம் அதிகம் தெரிந்தது முன்மூளையில். கைகாலை இயக்கும் பகுதியோ சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. வண்டியின் எஞ்சின் தயார், பிரேக் மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை என்பது போன்ற நிலை.

இன்னொன்று, டோபமின் என்ற இரசாயனம். ஒரு வேலையில் மனம் ஒட்டுவதற்கும், அதன் பலனை எதிர்பார்த்துக் காத்திருப்பதற்கும் இது வேண்டும். இவர்களுக்கு அந்த ஏற்பாடு மற்றவர்களைப் போல் வேலை செய்வதில்லை. ஆகவே கவனமே இல்லாதவர்கள் இவர்கள் என்பது தவறு. பிடித்த வேலை, புதிய வேலை, அவசர வேலை என்றால் சோறு தண்ணீர் மறந்து செய்வார்கள். பலன் மாதக் கடைசியில்தான் என்றால் மனம் நிற்காது. லாரி வந்தால் புலியாக நிற்பவன், பேரேட்டைத் திறந்தால் சோர்ந்து போவதன் காரணம் இதுவே. "பிடித்ததை மட்டும் செய்கிறான், திமிர்" என்று நாம் நினைப்பது, உண்மையில் அந்தக் குறைபாட்டின் அடையாளம்.

வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குற்றம் சொல்வோரும் இதைக் கேட்க வேண்டும். இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகளின்படி, இக்குறைபாடு ஒருவருக்கு வருவதும் வராததுமான வேறுபாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு பிறப்போடு வரும் மரபைச் சேர்ந்தது. மகனைத் திட்டும் தகப்பனார், தமது இளமைக் காலத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். நம்மில் எத்தனை பேர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு கடை முழுவதும் தேடுகிறோம்!

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை இந்த விஷயத்தில் நாம் கைவிட வேண்டும். அடித்து முன்மூளையை வளர்க்க முடியாது. அடிபட்ட பிள்ளை, தான் எதற்கும் உதவாதவன் என்று நம்பத் தொடங்குகிறான். சிகிச்சையின்றி விடப்படுபவர்கள் விபத்திலும் போதைப் பழக்கத்திலும் கடனிலும் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பரம்பரைக் கடையை ஒப்படைக்க வேண்டிய பிள்ளை இப்படிப் போவதைவிடப் பெரிய நஷ்டம் நமக்கு ஏது?

நாம் வியாபாரிகள். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். அமெரிக்காவில் பால் ஆர்ஃபலியா என்று ஒருவர். சிறுவயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே முடியாதவர், இரண்டாம் வகுப்பில் தவறியவர், பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர். வாசிப்புக் குறைபாட்டோடு இந்தக் கவனக் குறைபாடும் தமக்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1970-இல் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், ஒரேயொரு நகல் எடுக்கும் இயந்திரத்தோடு சின்னஞ்சிறு கடை போட்டார். இடம் போதாமல் இயந்திரத்தை நடைபாதைக்குத் தள்ளி வைத்து வேலை செய்ததுண்டாம். அலுவலகத்தில் உட்கார முடியாததால் கிளை கிளையாகச் சுற்றினார். ஒரு கிளையில் நன்றாக நடப்பதைப் பார்த்து மற்றக் கிளைகளுக்குச் சொன்னார். அந்தக் கடைதான் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளோடு வளர்ந்த கின்கோஸ். 2004-இல் ஃபெடெக்ஸ் நிறுவனம் அதை 240 கோடி டாலருக்கு வாங்கியது.

கென்யா நாட்டின் வடபகுதியில் அரியால் என்ற கால்நடை மேய்க்கும் மக்கள் இருக்கிறார்கள். சிலர் இன்னும் நாடோடிகளாகத் திரிகிறார்கள். சிலர் ஓரிடத்தில் குடியேறிவிட்டார்கள். டோபமின் தொடர்பான ஒரு மரபணு வகை இந்தக் கவனக் குறைபாட்டோடு ஓரளவு சேர்த்துப் பேசப்படுவது. 2008-இல் வெளிவந்த ஆய்வில், நாடோடிகளில் அந்த மரபணு வகை உள்ள ஆண்கள் மற்றவர்களைவிட நல்ல உடற்கட்டோடு இருந்தார்கள். குடியேறியவர்களிலோ, அதே வகை உள்ளவர்கள் மற்றவர்களைவிட மெலிந்திருந்தார்கள். ஒரு சிறிய ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடக் கூடாது என்றாலும், ஒரே குணம் ஓரிடத்தில் வரவாகவும் இன்னோரிடத்தில் பற்றாகவும் நிற்கக்கூடும் என்பது நமக்குப் புரியாத விஷயமல்ல. வள்ளுவர் ஆளறிந்து வேலை கொடுப்பதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "இது குறையே அல்ல, வரம்" என்று சிலர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதையும் நாம் ஏற்பதற்கில்லை. இத்தகையோர் சொந்தத் தொழில் தொடங்குவதில் அதிக நாட்டம் காட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மையே. கடை திறப்பது வேறு, கடையை நடத்துவது வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்ஃபலியாவும் எழுத்து வேலையைப் பிறரிடம் விட்டுத்தான் பிழைத்தார். ஓட்டைக் கோணியில் எவ்வளவு நல்ல சரக்கைக் கொட்டினாலும் வீட்டுக்கு வந்து சேராது. முதலில் ஓட்டையைத் தைக்க வேண்டும்.

அதற்கு வழி மருத்துவரைப் பார்ப்பதுதான். துறுதுறுப்பான பிள்ளைகள் அனைவருக்கும் இந்தக் குறைபாடு என்று நாமே முத்திரை குத்திவிடக் கூடாது. இதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, வீடு, பள்ளி, கடை என இரண்டு இடங்களிலாவது தெரிகின்றனவா, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கின்றனவா என்று மருத்துவர் விசாரிப்பார். தூக்கக் குறைவு, காது மந்தம், பார்வைக் குறை, மனக்கவலை ஆகியவையும் இப்படித் தோற்றம் காட்டலாம் என்பதால் அவற்றையும் பார்ப்பார்.

சிகிச்சையில் பெற்றோருக்கான பயிற்சி உண்டு, மருந்தும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 1937-லேயே இதற்கு மருந்தின் பயனைக் கண்டு எழுதினார். இன்று மெத்தில்பெனிடேட், அடோமாக்ஸெடின் முதலியவை இருக்கின்றன. பசி குறைவது, தூக்கம் கெடுவது போன்ற பக்க விளைவுகள் உண்டு. எனவே மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். மருந்துக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள், சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கடையில் நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. வாயால் ஐந்து வேலை சொல்லாமல், சீட்டில் எழுதி ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். கணக்கை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் அன்றன்று இரவே முடிக்கச் சொல்லி, ஒருவர் கூட உட்காரலாம். பெரிய கொள்முதலையும் கடன் கொடுப்பதையும் ஒரு இரவு தள்ளிப்போட்டு, இன்னொருவர் சம்மதத்தோடு முடிவு செய்யும் வழக்கத்தை வைக்கலாம். வரி செலுத்தும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஆடிட்டரை நினைவூட்டச் சொல்லலாம். நல்லது செய்தால் அப்போதே சொல்லலாம். தவறு செய்தால் வாடிக்கையாளர் முன்னிலையில் திட்டாமல் இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம்மை நம்பி வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் பையன்களுக்கும் இது பொருந்தும். மறதிக்காக ஓர் அறையும், மறுநாள் கணக்குத் தீர்த்து அனுப்புவதும் நியாயமல்ல.

பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுப் படிப்பை நிறுத்திவிட வேண்டாம் என்பது நம் முக்கியமான வேண்டுகோள். வகுப்பறையில் நிற்காத மனம் கல்லாவில் மட்டும் நின்றுவிடாது. சிகிச்சைக்குப் பிறகு படிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கடையைப் பற்றி யோசிக்கலாம்.

நாம் முதலில் சொன்ன பெரியவர் மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். இதே குறைபாடுதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போது கல்லாவையும் கணக்கையும் மகள் பார்த்துக்கொள்கிறாள். கொள்முதலுக்கும் வசூலுக்கும் பையன் போகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். போன வாரம்கூட ஒரு பில் புத்தகத்தை எங்கோ வைத்துவிட்டு வந்தானாம். ஆனால் அதைச் சொல்லும்போது பெரியவர் குரலில் பழைய கோபம் இல்லை.

நம் சங்கம் நடத்தும் மருத்துவ முகாமில் கண் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம். இனி ஒரு மனநல மருத்துவரையும் அழைத்து, உறுப்பினர் குடும்பங்களும் கடை ஊழியர்களும் கூச்சமின்றிக் கலந்துபேச ஒரு தனி அறை ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவை வேண்டிக்கொள்கிறோம். அதுவரை காத்திருக்க இயலாதவர்கள், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்தப் பையன் சொன்னதை நம் ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளையும் சொன்னதாக எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்புவதிலிருந்து நாம் தொடங்குவோம்.