இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்னும் பூச்சாண்டி

பழைய சரக்கு வண்டிகளைப் பற்றி நம் ஊர்களில் ஒரு சித்தாந்தம் வேரூன்றிக் கிடக்கிறது. டீக்கடைப் பெஞ்சிலும், உரக்கடைத் திண்ணையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் இலவசமாக வழங்கப்படும் அந்த உபதேசத்தின் சாரம் இதுதான்: "இரண்டு லட்சம் ஓடிய வண்டியா? வேண்டவே வேண்டாம், அது பணம் தின்னும் பூதம். கொஞ்சம் கூடப் போனாலும் தவணையில் புதியதாக எடுத்துவிடு."

என் தமக்கையின் மகன் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் பயிரிடுகிறவன். சந்தைக்குக் காய் கொண்டுபோக ஒரு பிக்கப் வண்டி தேடிக்கொண்டிருந்தபோது, 2014-ம் ஆண்டு வண்டி ஒன்று, மீட்டரில் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் காட்டுவது, மூன்று லட்ச ரூபாய்க்குக் கிடைக்கும் என்று தகவல் வந்தது. அவன் ஆறு பேரிடம் யோசனை கேட்டான். ஆறு பேரும் ஒரே வாயாகத் தடுத்தார்கள். அந்த ஆறு பேரில் ஐவர் சைக்கிளுக்கு மேல் எந்த வாகனத்தையும் சொந்தமாக வைத்து ஓட்டியவர்கள் அல்லர் என்பதை அவன் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஏழாவது ஆளாக என்னிடம் வந்து, "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோது நான் சொன்னவற்றை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலாவதாக, மீட்டரில் உள்ள எண்தான் வண்டியின் வயது என்ற எண்ணத்தைப் பார்ப்போம். மனிதனுக்கு வயதை ஆண்டுக்கணக்கில் சொல்வதுபோல வண்டிக்குக் கிலோமீட்டரில் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள், இன்ஜின் தேய்வது தூரத்தால் அல்ல, சுற்றிய சுற்றுக்களாலும் ஏற்ற பாரத்தாலும் என்ற எளிய உண்மையை மறந்துவிடுகிறார்கள். நான்குவழிச் சாலையில் மணிக்குச் சராசரி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடி இரண்டு லட்சத்தைத் தொட்ட வண்டியின் இன்ஜின் உழைத்தது நாலாயிரம் மணி நேரம். அதே ரக வண்டி, நகரத்துச் சந்துகளில் தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டு, சராசரி பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லட்சம் மட்டுமே ஓடியிருந்தாலும், அதன் இன்ஜின் உழைத்தது ஆறாயிரத்து அறுநூறு மணிக்கு மேல்; கிளட்சையும் பிரேக்கையும் அது மிதித்த கணக்கை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? சித்தாந்தவாதிகளின் தராசில் இரண்டாவது வண்டி இளமையானது. பட்டறைக்காரரின் கண்ணில் அதுவே கிழடு.

பாரத்தின் விஷயமும் அப்படியே. நம் மக்கள் அன்போடு 'குட்டி யானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் ஏறத்தாழ முக்கால் டன் சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன்மேல் ஒன்றரை டன் செங்கல்லை ஏற்றிப் பழகியவரிடமிருந்து வாங்குகிறவன், கமான் பட்டைகள் நிமிர்ந்து தளர்ந்திருப்பதையும் பின் அச்சு முனகுவதையும் சில நாட்களில் தானே கண்டுகொள்வான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலைக்கு எழுபது வளைவுகளும் தினந்தோறும் ஏறி இறங்கிய வண்டியின் ஐம்பதாயிரமும், சமவெளியில் பஞ்சு மூட்டை சுமந்த வண்டியின் ஐம்பதாயிரமும் ஒரே ஐம்பதாயிரம் ஆகமாட்டா. ஆகவே எத்தனை ஓடியது என்ற வினாவோடு, எங்கே ஓடியது, எதைச் சுமந்தது, யார் கையில் ஓடியது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

இரண்டாவதாக, குறைவாக ஓடிய பழைய வண்டி கிடைத்தால் அதுவே பாக்கியம் என்பது. இங்கே ஒரு சங்கடம் உண்டு: மீட்டரை யாரும் திருப்பி வைக்கமுடியாது என்ற காலம் எக்காலத்திலும் இருந்ததில்லை. பழைய முள் மீட்டராயினும் புதிய எண் மீட்டராயினும் அதைக் குறைத்துத் தருகிற கைகள் உண்டு. வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்த்தே விலை தருகிறார்கள் என்பதால்தான் அந்தத் தொழிலே பிழைத்திருக்கிறது. என் மருமகன் பார்த்த மற்றொரு வண்டி எண்பத்திரண்டாயிரம் என்று காட்டியது. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது; ஸ்டீயரிங்கின் சொரசொரப்பு மறைந்து கண்ணாடிபோல வழுவழுத்தது; ஓட்டுநர் இருக்கையின் ஓரம் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தது. எண் பொய் சொல்லலாம். மிதிக்குப் பொய் சொல்லத் தெரியாது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தால், முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயர்களும் இரண்டு தலைமுறை மாறிவிட்ட வண்டி எண்பதாயிரம்தான் ஓடியது என்றால், அதை நம்புவதற்குத் தனி பக்தி வேண்டும்.

உண்மையாகவே குறைவாக ஓடியதாயினும் அது முழு நன்மை ஆகிவிடாது. வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும், டீசல் டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகும். இறைக்காத கிணறும் ஓடாத வண்டியும் பாசி பிடிக்கும் என்று கிராமத்தில் சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். விற்பனைக்கு வந்து நிற்கும்போது மட்டும் அந்த ஞானம் மறந்துபோகிறது.

மூன்றாவதாக, பழைய வண்டி ரிப்பேரிலேயே சொத்தை அழித்துவிடும் என்பது. இதற்கு விடை வாதத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. புதிய வண்டி ஒன்றுக்குப் பத்து லட்சம் என்றும், அதில் எட்டு லட்சம் கடன் என்றும், வட்டி பதினொரு சதவிகிதம் என்றும், தவணை ஐந்து வருஷம் என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டும். மழை பொய்த்தாலும், தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்து சாலையோரத்தில் கொட்டப்பட்டாலும், அந்தத் தேதியில் அந்தத் தொகை வந்தே தீரவேண்டும். மூன்று லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்குகிறவன், வருஷத்துக்கு ஒரு லட்சம் ரிப்பேர்ச் செலவு என்று மிகவும் தாராளமாகக் கணக்கு வைத்தாலும், மாதத்துக்கு 8,300 சொச்சந்தான் ஆகிறது. மேலும், கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனரும் வீல் பேரிங்கும் கமான் புஷ்ஷும் தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. புதிய வண்டிக்காரனும் சில வருஷங்களில் அவற்றுக்குக் காசு கொடுக்கத்தான் போகிறான்.

இன்னொரு கணக்கும் உண்டு. என் மருமகனுடைய தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போய்வர முப்பது கிலோமீட்டர். வருஷத்தில் முந்நூறு நாள் ஓட்டினாலும் ஒன்பதாயிரந்தான். ஐந்து வருஷத்தில் அவன் அந்த மீட்டரில் சேர்க்கப்போவது நாற்பத்தையாயிரம். இதற்குமுன் யாரோ ஓட்டிய இரண்டு லட்சத்துக்காக அஞ்சி, தான் ஓட்டப்போகும் நாற்பத்தையாயிரத்துக்குப் பத்து லட்சம் செலவிடுவது விவேகமாகாது.

நான்காவதாக, பழைய வண்டிக்கு உதிரிபாகமும் கிடைக்காது, பழுது பார்க்க ஆளும் கிடைக்காது என்பது. அபூர்வமான காருக்கு இது பொருந்தலாம். நம் சரக்கு வண்டிகளைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. 2005-ல் வந்த டாட்டா ஏஸின் இரண்டு சிலிண்டர் இன்ஜினையும், மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2,523 சி.சி. டீசல் இன்ஜினையும், 2011-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சேர்க்கிற கைகள் தாலுகா தலைநகர் ஒவ்வொன்றிலும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் ஆறு வகை டீசல் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளும் உணரிகளும் சேர்ந்துவிட்டன. காற்றுக்கு அது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் கோளாறு வந்தால் ஸ்பேனரோடு ஸ்கேனரும் தேவைப்படும் என்பதையும், குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அத்தகைய வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதையும் புதிய வண்டிக்குப் பரிந்து பேசுகிறவர்கள் சொல்வதில்லை.

ஐந்தாவதாக, பத்து வருஷமான டீசல் வண்டியைச் சர்க்கார் பிடித்து உடைத்துவிடும் என்ற வதந்தி. இது டில்லியின் செய்தி திண்டுக்கல் வருவதற்குள் உருமாறிய கதை. பத்து வருஷம் கடந்த டீசல் வாகனங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் விதித்த தடை, டில்லித் தலைநகர் வட்டாரத்தின் காற்று மாசு காரணமாக அந்த வட்டாரத்துக்கென்று பிறந்தது. அதை ஒட்டன்சத்திரத்துச் சாலையில் கொண்டுவந்து நிறுத்துவது பொருந்தாது. இங்கே சரக்கு வண்டிக்கு வேண்டியது தகுதிச்சான்று, அதாவது நாம் எஃப்.சி. என்று சொல்வது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன் பின்னர் வருஷந்தோறும் அதைப் புதுப்பிக்கவேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டியது நியாயம்; அதற்காகக் கலங்கவேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதனால், அந்தச் சித்தாந்தத்தில் மெய்யே இல்லை என்று நான் வாதாடுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அது எச்சரிக்கிற ஆபத்து உண்டு. ஆனால் அது சுட்டுகிற இடத்தில் இல்லை. கிலோமீட்டர் எண் எதுவாயினும், மூன்று சந்தர்ப்பங்களில் நான் எழுந்து வந்துவிடுவேன்.

முதற்சந்தர்ப்பம், சேசிஸ் கெட்ட வண்டி. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் நின்றதும், மீன் ஏற்றி ஐஸ் உருகிய உப்புநீர் சொட்டச் சொட்ட ஓடியதுமான வண்டி மேலே புதுப் பெயின்டில் மணப்பெண்போல நிற்கும். கீழே படுத்துச் சுத்தியலால் தட்டினால் துரு செதில் செதிலாக உதிரும். கமான் மாட்டும் இடத்தில் வெல்டிங் ஒட்டு கண்டால் விலை பேசவே வேண்டாம். இரண்டாவது, உள்ளே புகையும் இன்ஜின். விடியற்காலையில் முன்னறிவிப்பின்றிப் போய், இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லவேண்டும். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுமானால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்புறம் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை பெரும்பாலும் காற்று வடிகட்டியோ டீசல் தெளிப்போ கெட்டதன் அடையாளமாதலால் அதற்கு வைத்தியம் உண்டு.

மூன்றாவது, காகிதம் கெட்ட வண்டி. இதுவே எல்லாவற்றிலும் கொடியது. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் நின்றால் அவர்களுடைய தடையின்மைச் சான்றும் 35-ம் எண் படிவமும் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்கக்கூடாது. 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் வெகுவாக உண்டு. பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருப்பதால், பெயர் மாற்றம் விற்கிறவருக்கும் கவசம், வாங்குகிறவருக்கும் கவசம்.

அன்றியும், தினம் முந்நூறு கிலோமீட்டர் ஓடிப் பூவோ பாலோ குறித்த நேரத்தில் சேர்ப்பிக்கும் ஒப்பந்தக்காரருக்கு நடுவழியில் ஒரு நாள் நின்றாலே ஒரு மாத லாபம் போய்விடும். அவர் புதியதையே வாங்கட்டும். ஒருவருக்கு ஏற்ற விடை மற்றொருவருக்கு ஏற்காது என்பதைத்தான் அந்த உபதேசம் ஒப்புக்கொள்வதில்லை.

என் மருமகன் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வண்டிகளையும் பார்த்தான். எண்பத்திரண்டாயிரத்தை விட்டுவிட்டு, இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்தை வாங்கினான். அதன் சொந்தக்காரர் எண்ணெய் மாற்றிய பில்களையெல்லாம் ரப்பர் பட்டை போட்டு வைத்திருந்தார் என்பதே தீர்மானத்துக்குக் காரணம். கிளட்சுக்கும் இரண்டு டயருக்கும் செலவு செய்தான். மிச்சத்தைப் போர்க்கிணற்று மோட்டாருக்கு வைத்துக்கொண்டான். ஐந்தாம் மாதம் மீட்டர் நின்றுவிட்டது. "நல்லதாயிற்று, இனி அது யாரையும் பயமுறுத்தாது" என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இல்ல மாமா, நாளைக்கே சரி பண்ணணும். அது ஓடலேன்னா, அடுத்த எண்ணெய் எப்ப மாத்தறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். மீட்டரை எதற்காகப் படிக்கவேண்டும் என்பதை நான் இத்தனை பக்கங்களில் சொல்லியிருக்கிறேன். அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.