குளவி கொட்டியது சரி, கூடு ஏன் அங்க இருந்தது?

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் குளவி கொட்டி வைத்தியசாலையில் அனுமதி எண்ட செய்தி மலையகத்துக்குப் புதுசில்லை. உயிர்களும் போயிருக்கு. ஆனால் செய்தி 'குளவி' எண்ட சொல்லோட முடிஞ்சுபோகுது. குளவிக்கு யார் மேல வழக்குப் போடுறது?

இந்த இடத்தில்தான் விபத்துகளை வகைப்படுத்துவது ஒரு அரசியல் வேலை எண்டு நாங்கள் சொல்கிறோம்.

1962இல் தொழில் புள்ளிவிபரவியலாளர்களின் சர்வதேச மாநாடு விபத்தைப் பதிய நாலு கேள்விகளை வகுத்தது. எப்படி நடந்தது? எதனால் நடந்தது? என்ன காயம்? உடம்பில் எங்கே? இயந்திரம், வாகனம், ஏணி மாதிரியே விலங்குகளுக்கும் இரண்டாவது கேள்விக்குள்ள இடம் இருக்கு. 'கவனக்குறைவு' எண்ட சொல்லுக்கு நாலிலும் இடமில்லை.

சரி, படிவம் நிரப்பினால் குளவி பறந்துபோயிடுமா? போகாது. வகைப்படுத்தல் காரணத்தைச் சொல்லிவிடாது, அதைத் தேடவேண்டிய இடத்தைக் காட்டும். ஒரே மலையில் மூன்று தரம் 'குளவி' எண்டு பதிவானால் அது தலைவிதி இல்லை, யாரும் அகற்றாத கூடு. ஒரே படியில் மூன்று பேர் சறுக்கி விழுந்தால் அது மூன்று பேரின் கவனக்குறைவு இல்லை, உடைஞ்ச படி.

எங்கட சட்டம் எங்க நிக்குது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, மரணத்தையும், மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்கும் விபத்தையும் அறிவிக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை அதுக்குள்ள வரும். கொழுந்து பறிக்கிற மலை வராது. ரோலரில் கை அகப்பட்டால் அறிவிக்க வேண்டிய விபத்து. மலையில் விழுந்து இடுப்பு முறிஞ்சால் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒண்டுமே நடக்கேல்லை. நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்குத்தான். ஆனால் நட்டஈடு காயத்துக்குப் பிறகு வருவது, கூட்டை அது அகற்றாது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் தமிழில் ஒரு விபத்துப் பதிவேடு. தொழிலாளர் எவரும் திறந்து பார்க்கக்கூடியதாக. அந்த நாலு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒண்டும் வேண்டும்: இதுக்குப் பிறகு என்ன மாற்றப்பட்டது?

அந்த ஐந்தாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தால், அடுத்த விபத்துக்குக் குளவியைக் குற்றஞ்சாட்ட யாருக்கும் உரிமையில்லை.